வெட்டு என்று காதில் விழுந்தது

அக்கரைப்பற்றில் காலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் பழைய நாவலை மடியில் விரித்தேன். கல்முனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினோராம் ஆண்டுக்குத் தமிழ் இலக்கியம் படிப்பிக்கிறேன். வயல்காரப் போடியார் ஒருவர் தன் வாயால் சொல்லும் கதை அந்த நாவல். வேலைக்காரனை முதல் பக்கத்திலேயே ‘கள்ள முழிக்காரன்’ என்று எழுதிவிடுகிறார். பிறகு நகை காணாமல் போனதும் என் வகுப்புப் பிள்ளைகள், “அவன்தான் டீச்சர்!” என்று கத்தினார்கள். எனக்கு வந்த கோபம்! “அவன் களவெடுத்தத ஆர் கண்ட? போடியார்தானே சொல்லுறாரு? அவருக்கு எல்லாம் தெரியுமா?” என்று முந்தின நாள் பாடம் முழுக்க ஏசித் தீர்த்திருந்தேன்.

எனக்குப் பின்னால் இரண்டு பேர். தம்பிலுவில் பக்கமிருந்து வந்திருந்தார்கள், நெற்றியில் திருநீறு, காலடியில் உரப்பை. பை வாயில் மரப்பிடிகள் தெரிந்தன. மூத்தவர் போனில் கதைத்துக்கொண்டு வந்தார்.

“காக்காட பக்கத்த முதல்ல வெட்டுவம். ஒண்டும் மிஞ்சப்படா. விழுந்து கிடக்கிறதையும் விடாம வெட்டணும்.”

யா அல்லாஹ்! காக்கா என்றால் முஸ்லிம்களான எங்களுக்கு அண்ணன். தமிழாக்கள் எங்கள் ஆண்கள் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர்களுக்கும் எங்களுக்கும் பிரச்சினை நடந்த காலத்தில் வாப்பாவின் தம்பி, என் சாச்சா, வயலுக்குப் போனவர் திரும்பவில்லை, அடக்குவதற்கு மையித்தும் கிடைக்கவில்லை. எனக்கு அப்போது ஐந்து வயது. அதற்குப் பிறகு எத்தனையோ தமிழாக்கள் எங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார்கள், நானும் அவர்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். ஆனாலும் பயம் போகவில்லை, உள்ளுக்குள் படுத்துத்தான் கிடந்திருக்கிறது.

திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. இறங்கி ஓடுவமா என்றும் யோசித்தேன். மழை என்றும் அவர் ஏதோ சொன்னார். அதை நான் காதில் எடுக்கவேயில்லை. முந்தானைக்குள் போனை மறைத்து வைத்து, கல்முனையில் கலியாணம் முடித்துக் கடை வைத்திருக்கிற என் காக்காவுக்கு எழுதினேன்: ‘பின் சீட்டில் ரெண்டு பேர். நம்மட ஆக்கள வெட்டப் போறாங்களாம். பையில கத்தி.’

அவர் சொன்னது ‘காக்காட பக்கத்த’. நான் எழுதியது ‘நம்மட ஆக்கள’. அந்த மாற்றத்தை என் விரல்தான் செய்தது.

கல்முனையில் பஸ் நின்றபோது கடைத்தெரு ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் காத்து நின்றார்கள். முன்னால் என் காக்கா. மூத்தவர் படியில் கால் வைத்ததும் பையைப் பறித்தார்கள். நெல் அறுக்கிற தாக்கத்திகள் தரையில் சிதறின. யாரோ ஒருவன் அவர் வாயில் குத்தினான். ரத்தம் நாடியில் வழிந்தது. கூட வந்தவர் கையைக் கூப்பிக்கொண்டு அழுதார்.

“வெள்ளாமை வெட்ட வந்த நாங்க, தம்பி! சொறிக்கல்முனைப் பக்கம் ஒரு காக்காட வயல். மழைக்கு நெல்லு விழுந்து கிடக்கு, மெசின் இறங்காதாம், கையால வெட்டணும்!”

வெள்ளாமை வெட்டு! வயலுக்கு நடுவே பிறந்தவள் நான். பால்குடி மறந்த நாளிலிருந்து கேட்ட சொல். அன்று மட்டும் அதற்கு வேறொரு பொருள் எனக்குள் எங்கிருந்து வந்தது?

பின்னால் இறங்கி நின்ற என்னை எல்லோரும் பார்த்தார்கள். காக்கா கேட்டார்: “சொல்லு புள்ள, நீ கேட்டது என்ன?”

வாயைத் திறந்தால் என் மானம் போகும். மூடியிருந்தால் அந்த மனிதருக்கு இன்னும் விழும். ஒருவன் மறுபடி கையை ஓங்கினான்.

“அடிக்காதீங்க! அவர் வெள்ளாமையத்தான் கதைச்சாரு. எனக்குத்தான் பிழையா விளங்கிட்டு.”

“காதுல என்னத்த வச்சிருந்தாய்?” என்று காக்கா என்னை ஏசினார். பிறகு குனிந்து தாக்கத்திகளைத் தன் கையாலேயே பொறுக்கிப் பையில் போட்டார். “மன்னிச்சுக்கங்க அண்ணன்,” என்றார். நானும் சொன்னேன், எனக்கே கேட்காத குரலில். மூத்தவர் சட்டை நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டு, “பரவாயில்ல,” என்றார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அன்று வகுப்பில் நாவலைத் திறக்க எனக்கு வெட்கமாக இருந்தது. பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதுதல் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

நாலைந்து நாள் கழித்து அதே பஸ்ஸில் அவர்களைக் கண்டேன். உதட்டில் காயம் கறுத்திருந்தது. எனக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் இருவரும் நின்றுகொண்டே வந்தார்கள். மூத்தவரின் போன் அடித்தது.

“ஓம் காக்கா, வந்திட்டிருக்கம். மற்றத் துண்டையும் இண்டைக்கு வெட்…”

என்னைக் கண்டார். நிறுத்தினார். குரலைத் தாழ்த்தி, ரேடியோவில் செய்தி வாசிக்கிறவரைப் போல ஒவ்வோர் எழுத்தாக, “அறுவடை செய்வோம்,” என்றார்.