இரும்பை வலம் வந்த நாள்

லாரி வந்து அந்த இரும்பை ஏற்றிக்கொண்டு போன காலையில் என் கணவர் வாசலுக்கு வரவில்லை. உள்ளே உட்கார்ந்து சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டே இருந்தார். ஒரு சட்டையில் அவ்வளவு பித்தான் கிடையாது. பட்டறை ஆட்கள் சங்கிலி போட்டு இழுத்து ஏற்ற, நான் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டு நின்றேன். என் மகள் லாரியின் பின்பக்கம் ஏறி, பசுவைப் பிடிப்பதுபோல அந்த இரும்பைப் பிடித்துக்கொண்டு போனாள். அப்போது பாலம் இல்லை. பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குக்குப் போவதென்றால் மனுசருக்கும் ஃபெரிதான், லாரிக்கும் ஃபெரிதான்.

இரும்பு என்று நான் சொல்வது என் மகள் செய்த சிற்பத்தை. உடைத்துப் போட்ட படகின் பக்கத் தகடுகள் மூன்று. ஆளுயரத்துக்கு மேலே, துருப்பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து நிற்கும். எங்கள் வீட்டு வரிசைக்குப் பின்னால் ஒரு சீனர் பட்டறை வைத்திருந்தார். பள்ளிக்கூடப் பரீட்சை முடிந்த மறுநாளே இவள் அங்கே போய்விட்டாள். முகத்துக்குக் கறுப்பு மூடியைப் பிடித்துக்கொண்டு பொறி பறக்க ஒட்டவைப்பாள். நான் பயந்துபோய்ப் பட்டறை முதலாளியிடம் கேட்டேன். அவர் வாயில் பல் குத்தும் குச்சியோடு, “லு புஞா அனாக், தாங்ஙான் பாகுஸ் லா” என்றார். உன் பிள்ளைக்குக் கை நல்ல கை என்று அர்த்தம். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

கேட்டது அவள் அப்பாதான். அவர் ஃபெரியில் வேலை பார்த்தார். கரை சேர்ந்ததும் கயிறு கட்டுவது, சங்கிலி அவிழ்த்து வண்டிகளை இறக்குவது. மழையிலும் வெயிலிலும் நின்று செய்த வேலை. மகளாவது காற்றாடிக்குக் கீழே உட்கார வேண்டும் என்று, தெரிந்தவர் மூலமாகத் துறைமுக ஆபீசில் ஓர் இடம் சொல்லி வைத்திருந்தார். மகளோ கோலாலம்பூருக்குப் போய் இந்தச் சிற்பக் கலையைப் படிக்க வேண்டும் என்றாள். அப்பாவும் மகளும் தனித்தனியாகச் சாப்பிட ஆரம்பித்தார்கள். அந்தச் சமயத்தில்தான் ஜார்ஜ்டவுன் கடற்கரை நெடுகச் சிற்பக் கண்காட்சி வைக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. திறந்த வெளியில், புல்தரையில். முடிவில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கரையிலேயே நிரந்தரமாக வைப்பார்கள். மற்றவற்றைச் செய்தவர்களே திரும்ப எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

அன்றைக்குச் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே என் கணவர் சொன்னார். “சரி, இப்படி வச்சுக்குவோம். நீ செஞ்சத அங்கேயே நிப்பாட்டிக்கிட்டாங்கன்னா போய்ப் படி. நான் ஒரு வார்த்த பேசமாட்டேன். லாரியில திரும்பி வந்துச்சுன்னா திங்கக்கெழம ஆபீசுக்குப் போற. என்ன?”

“சரிப்பா” என்றாள். அவளுக்கு அப்பா மாதிரியே வாய் சிக்கனம்.

நான் பினாங்குத் தண்ணீர்மலை முருகனுக்கு வேண்டிக்கொண்டேன். என் பிள்ளை செய்தது அங்கே நின்றுவிட்டால் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று. நான் படித்தது தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை. கலையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? வேண்டிக்கொள்ளத் தெரியும்.

என் கணவர் சிரித்தார். “முருகனுக்கு இரும்பப் பத்தி என்ன தெரியும்?”

“வேல் எதுலங்க செஞ்சிருக்கு?” என்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

கண்காட்சியின் கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று சாயங்காலம்தான் தேர்வுக் குழு வந்து பார்த்து முடிவு சொல்லும். என் நாத்தனார் சிம்பாங் அம்பாட்டிலிருந்து விடியற்காலையிலேயே வந்துவிட்டார். பட்டுப்புடவை, கழுத்தில் சங்கிலி, கையில் வாழை இலையில் சுற்றிய மல்லிகைப்பூ.

“எதுக்குக்கா பூ?” என்றேன்.

“செல கண்காட்சின்னு சொன்ன. செல இருந்தா பூ போட வேணாமா? வெறுங்கையோட போவாங்களா?”

“அத்தை, அது சாமி சிலை இல்ல” என்றாள் மகள்.

“சாமி இல்லன்னா பின்ன எதுக்குமா வெயில்ல நிப்பாட்டி வச்சிருக்காங்க?”

ஃபெரியில் போகும்போது என் கணவரைத் தேடினேன். மதியம் எங்களுக்கு முன்னாலேயே வேலைக்குப் போயிருந்தார், எந்த ஃபெரியில் என்று சொல்லவில்லை.

கடற்கரைத் திடலில் இறங்கி நடந்தால், கடல் சுவரை ஒட்டி ஒவ்வொன்றாக நின்றன. வெள்ளைக் கல்லில் உருண்டை, மூங்கிலில் மீன் கூடு மாதிரி ஒன்று, கண்ணாடித் துண்டுகள் தொங்கும் ஒரு கம்பம். என் நாத்தனார் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, “இது என்ன?” என்பார். மகள் சொல்வாள். “சரி” என்று அடுத்ததற்குப் போவார். உருண்டைக் கல்லிடம் மட்டும் கொஞ்ச நேரம் நின்றார். “இது ஆட்டுக்கல்லுக்கு ஆகும்” என்றார்.

சனங்கள் நிறைய. சீனக் குடும்பங்கள், மலாய்க்காரப் பிள்ளைகள், வெள்ளைக்காரர்கள், கச்சாங் பூத்தே என்று கடலை வறுத்து விற்கும் நம் ஆட்கள். எல்லாரும் திடலைச் சுற்றியே நின்றார்கள். என் மகளுடையதைக் கடலோரத்துப் பழைய கோட்டையைத் தாண்டிக் கடைசி முனையில் வைத்திருந்தார்கள். அதுவரை வந்தவர்கள் சிலர்தான். வந்தவர்களும் முன்னால் நின்று, பலகையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். முன்னால் நின்று பார்த்தால் ஒரு தகட்டை இன்னொன்று மறைத்து, துருப்பிடித்த கதவு சாத்தியிருப்பது போலத்தான் இருந்தது. ஒரு பெண்மணி தன் கணவரிடம் சொன்னதைக் கேட்டு மகளின் முகம் சுருங்கியது. என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

“இவ்வளவுதானா?” என்று நாத்தனார் என் காதில் சொன்னார். “லாரிக்குச் சொல்லி வச்சாச்சா?”

பெற்ற பிள்ளை மாதக்கணக்காகக் கையைச் சுட்டுக்கொண்டு செய்தது. அதைப் பார்த்து என்ன நினைக்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. அதற்கு முன்னால் போய் நின்றேன். முருகா, நீதான் கதி என்று மனசுக்குள் சொன்னேன். அப்புறம் நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. முப்பது வருசமாகக் கோயிலில் பழகிய கால். சிலிப்பரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வலமாகச் சுற்றத் தொடங்கிவிட்டேன்.

“அம்மா, என்ன செய்றீங்க?” என்று மகள் பதறுவது கேட்டது. நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆரம்பித்த சுற்றை நடுவில் நிறுத்தக்கூடாது என்று நான் நடந்தேன்.

இடப்பக்கத்து மூலைக்கு வந்தேன். அங்கே போனதும் தகடுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகின. கதவு திறப்பது போல. நடுவில் ஒரு நீளமான இடைவெளி, இரண்டு கைகளைக் குவித்த மாதிரி வளைந்து. அதற்குள்ளே கடல். கடலுக்கு அப்பால் பட்டர்வொர்த், எங்கள் கரை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பக்கத்துத் தகட்டிலிருந்து ஃபெரி வெளியே வந்தது. மெதுவாக, இடைவெளி நிறைய, அளவெடுத்துத் தைத்தாற்போல. கொஞ்ச நேரம் அந்த இரும்புக் கைகளுக்குள் இருந்தது. பிறகு அடுத்த தகட்டுக்குள் போய் மறைந்தது.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இவள் இதை அவள் அப்பாவுக்காகச் செய்திருக்கிறாள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. நான் அழுதுகொண்டே இரண்டாவது சுற்றையும் மூன்றாவது சுற்றையும் முடித்தேன். ஒரு மலாய்க்காரக் குடும்பம் என்னவோ ஏதோ என்று என் பின்னாலேயே வந்து, அந்த மூலையில் நின்று, “ஃபெரி, ஃபெரி” என்று பிள்ளைகளுக்குக் காட்டியது. நாத்தனாரும் வந்து பார்த்தார். சிரிப்பை நிறுத்திவிட்டார்.

நான் சுற்றி முடித்து முன்பக்கம் வந்தபோது தேர்வுக் குழு அங்கே நின்றுகொண்டிருந்தது. வயசான ஒரு சீன அம்மா, பூப்போட்ட பாத்தேக் சட்டையில் ஓர் அதிகாரி, இன்னும் ஓரிருவர். அந்தச் சீன அம்மா சிற்பத்தைப் பார்க்காமல் என் சிலிப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். மகள் என் பக்கம் திரும்பினாள்.

“அம்மா, உங்க சிலிப்பரும் இதுல சேந்ததான்னு கேக்குறாங்க.”

“இல்லன்னு சொல்லு. நான் போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போகணும்னு சொல்லு.”

அவள் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். அந்த அம்மா விடவில்லை. அப்படியானால் ஏன் கழற்றினேன், ஏன் சுற்றினேன் என்று கேட்டார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. “கால் பழக்கம்னு சொல்லுமா. வேற ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லு.”

மகள் அதைச் சொன்னதும் அந்த அம்மா தலையாட்டினார். குனிந்து தன் காலணிகளைக் கழற்றி என் சிலிப்பருக்குப் பக்கத்தில் வைத்தார். அவர் கழற்றியது மரியாதைக்கா, புல் ஈரமாக இருந்ததற்கா, எனக்குத் தெரியாது. நான் போன பக்கமாகவே போனார். அந்த மூலையில் நின்றார். அங்கிருந்து அசையவே இல்லை. ஃபெரியின் சங்கு ஊதியது. கொஞ்சம் பொறுத்து அவர் கையை நீட்டி மற்றவர்களை வேகமாகக் கூப்பிட்டார். அதிகாரி ஓடினார். என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் திடலில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். முதலில் மலாயில், பிறகு இங்கிலீஷில். எனக்கு மலாயிலேயே புரிந்துவிட்டது. என் மகள் பெயரைச் சொன்னார்கள். கோட்டை முனையில் இருக்கும் இரும்பு அங்கேயே இருக்கும் என்றார்கள்.

என் நாத்தனார் பக்கத்தில் நின்ற கச்சாங் பூத்தே வண்டிக்காரரைப் பிடித்துக்கொண்டார். “அண்ணே, கேட்டீங்களா? என் தம்பி மக. நான் அப்பவே சொன்னேன் லா.”

“அப்ப கச்சாங் வாங்குங்கக்கா. நல்ல சேதிக்கு வெறும் வாயோடயா நிப்பீங்க” என்றார் அவர். ஆளுக்கொரு பொட்டலம் வாங்கினோம். நாத்தனார் வாழை இலையைப் பிரித்து, காலையிலிருந்து சுமந்த மல்லிகையை என் மகள் தலையில் வைத்தார். “சாமிக்குக் கொண்டாந்தது. யாருக்கோ சேந்துச்சு பாரு.” மகள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். அந்த மாதிரி அவள் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

திரும்பும்போது ஏறிய ஃபெரியில் என் கணவர் சங்கிலியைப் போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். வண்டிகளெல்லாம் ஏறி முடிகிறவரை பக்கத்தில் வரவில்லை. ஃபெரி நகர்ந்ததும் வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, கடலைப் பார்த்தபடி கேட்டார்.

“லாரிக்குச் சொல்லட்டுமா?”

“வேணாம்ங்க” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். தலையில் இருந்த பூவைப் பார்த்தார். அவள் தோளைப் பிடித்துக் கம்பிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். “இப்ப பாரு.”

கோட்டை முனையில் அந்த இரும்பு கறுப்பாக நின்றது. ஃபெரி போகப்போக நடுவில் ஒரு கோடு விழுந்தது. கோடு விரிந்தது. பின்னால் இறங்கிக்கொண்டிருந்த சூரியன் அதற்குள் வந்து நின்று எங்கள் முகத்தில் அடித்தது. பிறகு மெதுவாக மூடிக்கொண்டது.

“ஒவ்வொரு ட்ரிப்லயும் பாக்குறேன்” என்றார். “தெறக்குது, மூடுது. சாயங்காலம் ஒரு செவப்புப் பொடவ அத சுத்திச் சுத்தி வந்துச்சு. யாருடா இதுன்னு பாத்தேன். ஒங்கம்மா நட தெரியாதா எனக்கு.” கையை மறுபடியும் துடைத்துக்கொண்டு, “ஆபீஸ்காரருக்குப் போன் பண்ணிப் பொண்ணு வரலன்னு சொல்லிடுறேன்” என்றார்.

மகள் அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். அவர் விடுவித்துக்கொள்ளவில்லை. கயிறு கட்ட ஆள் கூப்பிடுகிறவரை அப்படியே நின்றார்.

போகும்போது என் காலைப் பார்த்துவிட்டு நின்றார். “சிலிப்பர் எங்க?”

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. திடலில் நின்றதும், ஃபெரியில் ஏறியதும், எல்லாம் வெறுங்காலோடு.

“அங்கயே விட்டுட்டேன்ங்க.”

“இருக்கட்டும்” என்றார் என் கணவர். “அதுவும் அங்கேயே நிக்கட்டும்.”