பதில் வரும்வரை நேராக

எங்கள் வீட்டுக்குப் படகு வந்த நாளில் காவிரியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆனி மாதத்துச் சனிக்கிழமை அது. மேட்டூர் எப்போது திறப்பார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நேரம். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையை ஒட்டிய தெருவில் ஒரு குட்டியானை வண்டி பின்பக்கமாகவே ஊர்ந்து வந்தது. மேலே கவிழ்த்துக் கட்டிய வெள்ளைப் படகு, அதற்கும் மேலே வண்டியைவிட நீளமாக ஒரு பாய்மரம், அதன் நுனியில் யாரோ கட்டிவிட்ட சிவப்புத் துணி. பாய்மரம் கேபிள் கம்பியில் மாட்டி, தெருவில் பாதி வீட்டுக்கு அன்று டிவி தெரியாமல் போயிற்று. வண்டிக்குப் பின்னால், சட்டையெல்லாம் வேர்வையாக, கைகளை அகல விரித்துக்கொண்டு ஒருவர் நடந்து வந்தார். அவர் என் அம்மாவின் கணவர். அப்போது அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. எனக்குப் பத்து வயது. அந்த மனிதரோடு பேசுவதில்லை என்று நான் முடிவு செய்தும் அதே நான்கு மாதம் ஆகியிருந்தது.

அவரை நான் அங்கிள் என்று கூப்பிட வேண்டும் என்பது அம்மா செய்த ஏற்பாடு. என் அப்பா எனக்கு நான்கு வயதாக இருக்கும்போதே போய்விட்டார். கூடத்துச் சுவரில் படமாக இருந்தார். அம்மா திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். அங்கிளின் தாயார் கடைசிக் காலத்தில் அங்கே கிடந்தபோது இருவருக்கும் பழக்கமாயிற்று. அவர் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கிளார்க். நாற்பத்து நான்கு வயதுவரை தாயைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டவர். குழந்தை என்றால் என்னவென்று அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆபீஸில் பிள்ளை பெற்றவர்களிடமெல்லாம் விசாரித்துவிட்டு வந்து எதையாவது செய்வார். எனக்கு இரண்டு சைஸ் பெரிய ஷூ வாங்கி வந்தார். என் பென்சில்கள் அத்தனையையும் இரண்டு பக்கமும் சீவி வைத்தார். அம்மாவுக்கு நைட் டியூட்டி விழுந்த ஒரு நாள் எனக்குத் தலை பின்னிவிட்டார். அது மூட்டை கட்டுகிற கயிறு மாதிரி விறைத்து நின்றது. நான் ஒரு வார்த்தை பேசாமல் அப்படியே பள்ளிக்கூடம் போய், எல்லோரும் சிரித்ததை மனதில் அவர் கணக்கில் சேர்த்துவைத்தேன். நான் அப்போது நல்ல அழுத்தக்காரி.

படகு யோசனை அவருக்கு எப்படி வந்தது என்பதைப் பல வருஷம் கழித்துத்தான் சொன்னார். ஏதோ ஒரு வெளிநாட்டுக் குடும்பம் பாய்மரப் படகிலேயே வாழ்கிற வீடியோவை ஆபீஸ் கம்ப்யூட்டரில் மதிய இடைவேளையில் பார்த்திருக்கிறார். அப்பா சுக்கானைப் பிடிக்கிறார், மகள் கயிறு இழுக்கிறாள், அம்மா தோசை மாதிரி எதையோ சுடுகிறாள். "வீட்டுல ஆளுக்கொரு ரூம்ல போய்க் கதவச் சாத்திக்கலாம். படகுல எங்க போறது?" என்றார். அவ்வளவுதான் காரணம். என்னைக் கை எட்டுகிற தூரத்தில் உட்காரவைக்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை. அதற்காக, படகில் ஒருமுறைகூட ஏறிப் பார்க்காத மனிதர், கடற்கரையில் பாய்ப்படகு ஓட்டக் கற்றுத்தரும் ஒருவரிடம் ஃபோனிலேயே பேசி, பழைய படகை வாங்கிவிட்டார். கோடியக்கரையிலிருந்து ராமேஸ்வரம்வரை கரையோரமாகவே மூன்று பேரும் ஒரு மாதம் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. அம்மா இதைக் கேட்டுவிட்டு, "முதல்ல ரெண்டு பேரும் நீச்சல் கத்துக்கங்க" என்று மட்டும் சொன்னாள். அவர் கறுப்புத் தொப்பி போட்டுக்கொண்டு, எங்கள் வகுப்புப் பிள்ளைகள் வருகிற அதே நீச்சல் குளத்தில், அதே பேட்சில் சேர்ந்தார். நான் ஒரு மாதத்தில் குளத்தை இக்கரைக்கும் அக்கரைக்கும் நீந்தினேன். அவர் பாதிக் குளம் போய்க் கயிற்றைப் பிடித்துக்கொள்வார்.

படகை விடுவதற்கு இடம்தான் கிடைக்கவில்லை. எங்கள் ஊரில் ஆடியில் காற்று பிய்த்துக்கொண்டு போகும்; ஏரிகள் காய்ந்து கிடக்கும். கார்த்திகையில் ஏரிகள் நிறைந்திருக்கும். ஒரு இலை அசையாது. இரண்டும் சேர்ந்து இருப்பது ஆடிக் காவிரியில்தான். அந்த இழுப்பில் படகை இறக்குவது தற்கொலை என்று அவருக்கே தெரிந்திருந்தது. ஆகவே படகு எங்கள் வாசலில், நான்கு பழைய டயர்களின் மேல் உட்கார்ந்தது. ஆடி பிறந்ததும் அவர் பாயை ஏற்றினார். சாயங்காலம் நாலரை மணிக்கு ஆபீஸிலிருந்து வந்து, டீ குடித்துவிட்டு, லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு படகில் ஏறி உட்காருவார். அம்மா கண்ணால் மிரட்டுவாள். நானும் போய் எதிர்ப்பக்கம் உட்காருவேன். பெருக்கு அன்று அம்மா மண்டபத்துக்குப் போகிற கூட்டமெல்லாம், மஞ்சள் கயிறும் காதோலையும் கையுமாக, எங்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போயிற்று. மாடியில் இருந்த வீட்டுக்கார மாமி, "பெருமாள் பாற்கடல்ல படுத்துண்டிருக்கார், சரி. இவர் என்னடான்னா சிமெண்டுத் தரையில கப்பல் விடறார்" என்று சிரித்தாள். எனக்கு அவமானத்தில் உயிர் போயிற்று. அவர் மாமியைப் பார்த்துக் கையாட்டினார்.

அந்த டயர்களின் மேல்தான் எனக்கு முதல் பாடம் நடந்தது. படகைத் திருப்பும்போது பாயைத் தாங்குகிற குறுக்குக் கட்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சடாரென்று வீசும். இருவரும் அந்த நேரத்தில் தலையைக் குனிந்து பக்கம் மாறி உட்கார வேண்டும். ஒருவர் தயாராக இல்லையென்றால் மண்டை உடையும், அல்லது படகு கவிழும். அதனால் சுக்கான் பிடிப்பவர் முதலில் கேட்க வேண்டும். மற்றவர் சரி என்று சொன்ன பிறகுதான் திருப்ப வேண்டும். இது அவர் படித்துத் தெரிந்துகொண்ட விதி. "திரும்பலாமா?" என்பார். நான் பேசாமல் இருப்பேன். அவரும் பேசாமல் சுக்கானைப் பிடித்தபடி இருப்பார். டயரில் நிற்கிற படகுதானே, எங்கே போகப்போகிறது! ஒரு நாள் பத்து நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். கடைசியில் கொசுக்கடி தாங்காமல் "சரி" என்றேன். அவருடைய முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அதற்குப் பிறகு தினமும் இருபது முப்பது தடவை அவர் கேட்பதும் நான் சரி என்பதுமாகப் போயிற்று. அந்த ஆடி முழுக்க நான் அவரிடம் பேசிய ஒரே வார்த்தை அதுதான்.

போகப் போக வீட்டுக்குள்ளும் அவர் அப்படியே ஆகிவிட்டார். டிவி சேனலை மாற்றுவதற்கு முன்னால் "மாத்தலாமா?" என்பார். என் அறை ஃபேனை நிறுத்துவதற்கு முன்னால் கேட்பார். பதில் வரவில்லையென்றால் செய்யமாட்டார். அம்மாவுக்கு இது எரிச்சலாக இருந்தது. "சின்னப் பிள்ளைகிட்ட எல்லாத்துக்கும் பர்மிஷன் கேட்டா உருப்படுமா?" என்பாள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. என்னைக் கேட்காமல் என் வாழ்க்கையில் நடந்தவைதான் அதிகம். அப்பா போனது, வீடு மாறியது, இவர் வந்தது எல்லாமே அப்படித்தான்.

அடுத்து வந்த தை மாதம், பொங்கல் விடுமுறையில், கடற்கரைக்குப் போனோம். படகு விற்றவரிடமே மூன்று நாள் பயிற்சி. தொண்டிக்குப் பக்கத்தில், அலையே இல்லாத, இடுப்பளவுத் தண்ணீர் வெகுதூரம் போகிற கடல் அது. அம்மாவுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. நாங்கள் இருவரும்தான் பஸ் ஏறினோம். முதல் நாள் பயிற்சியாளர் எங்களோடு படகில் வந்தார். அங்கிள் ஒரு கையால் சுக்கானையும் மறு கையால் தன் மூக்குக்கண்ணாடியையும் பிடித்துக்கொண்டிருந்தார். படகு நிஜமாகவே நகர்ந்தபோது அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, வாயில் உப்புத் தண்ணீர் போவதுகூடத் தெரியாத சிரிப்பு. நானும் சிரித்துவிட்டேன். அன்று ராத்திரி பரோட்டா சாப்பிடும்போது, "நாளைக்கு நம்ம ரெண்டு பேரும் தனியாப் போலாம்னு சொல்லிட்டாரு" என்றார். நான் "ம்" என்றேன். சரி என்பதற்கு அடுத்த வார்த்தை.

மறுநாள் காலையில் பயிற்சியாளரின் கொட்டகை மேஜையில் அந்த விண்ணப்பத் தாளைப் பார்த்தேன். அங்கிளின் அழகான கிளார்க் கையெழுத்து. தந்தை பெயர் என்ற இடத்தில் அவர் பெயர். உறவு என்ற இடத்தில் மகள். அதற்கும் மேலே என் பெயர். ஆனால் அதற்கு முன்னால் இருந்த இனிஷியல் என்னுடையது இல்லை. என் அப்பா எனக்கென்று விட்டுப்போனது அந்த ஒரு எழுத்துதான். பாடப்புத்தகம், டிபன் பாக்ஸ் எல்லாவற்றிலும் அதைத்தான் முதலில் எழுதுவேன். அதைத் துடைத்துவிட்டு அவர் தன் எழுத்தைப் போட்டுக்கொண்டிருந்தார். நேரே போய்ப் படகில் உட்கார்ந்தேன்.

காற்று பக்கவாட்டில் நன்றாக வீசியது. ஆரஞ்சு மிதவைவரை போய்த் திரும்ப வேண்டும் என்பது பயிற்சியாளர் சொன்ன எல்லை. மிதவை வந்தது. "திரும்பலாமா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தேன். மிதவை எங்களுக்குப் பின்னால் போயிற்று. "திரும்பலாமாம்மா?" என்றார். கரையில் விசில் சத்தம் கேட்டது. வெளிர்ப் பச்சையாக இருந்த தண்ணீர் கரும்பச்சையாக மாறிக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால் அவர் கையில் சுக்கான் கிறீச்சிட்டது. படகே லேசாக நெளிந்தது. பாதிக் குளத்துக்கு மேல் நீந்தத் தெரியாத மனிதர். ஒரு அதட்டல் போட்டிருக்கலாம். எதையும் கேட்காமல் திருப்பியிருக்கலாம். நான் பயந்து குனிந்திருப்பேன். அவர் திருப்பவில்லை. நேராகப் போய்க்கொண்டே, குரலை உயர்த்தாமல், நாலாவது முறையும் கேட்டார்.

"எங்க அப்பா பேர ஏன் எடுத்தீங்க?" என்று கத்தினேன். பத்து மாதமாகச் சேர்த்துவைத்த அழுகை அதோடு வந்துவிட்டது.

அவருக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகு, "ஃபாரத்தப் பாத்துட்டியா?" என்றார். "பெத்தவங்க கையெழுத்து இல்லாம உன்ன ஏத்தமாட்டேன்னாங்க. அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். பாத்துச் செய்யுங்கன்னாங்க." மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டார். "உன்கிட்ட கேக்கல. உன்னக் கேக்காமத் திருப்பிட்டேன். தப்புதான்மா. கரைக்குப் போயி சரி பண்ணிடறேன். திரும்பலாமா?"

"சரி" என்றேன். இருவரும் குனிந்தோம். கட்டை எங்கள் தலைக்கு மேலே வீசிப் போயிற்று. கரை முன்னால் வந்தது.

ஈர உடுப்போடு நேராகக் கொட்டகைக்குப் போய்த் தாளைக் கேட்டு வாங்கினார். இனிஷியலை அடித்துவிட்டு என் எழுத்தைப் போட்டார். தந்தை பெயரை அடித்துவிட்டு, 'மறைந்த' என்று ஆரம்பித்து என் அப்பாவின் பெயரை முழுதாக எழுதினார். தன் கையெழுத்துக்குக் கீழே 'தாயாரின் கணவர்' என்று எழுதினார். பயிற்சியாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "சார், இப்படின்னா பாப்பாவ நான் ஏத்த முடியாது. அவங்க அம்மாதான் வந்து கையெழுத்துப் போடணும். நாளைக்கு ஒரு நாள்தான சார்? அப்படியே விடுங்க, யாரு பாக்கப் போறாங்க?"

"இவ பாக்குறாளேங்க" என்றார் அங்கிள்.

அன்று மத்தியானமே பஸ் ஏறினோம். புதுக்கோட்டைவரை அவர் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது, கடல் தண்ணீர் பட்டது என்று துடைத்துக்கொண்டார். வீட்டில் அம்மா, "என்ன, ஒரு நாள் முன்னாடியே வந்துட்டீங்க?" என்றதும், "காத்து சரியில்ல" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே போனார். எனக்குப் பொறுக்கவில்லை. "காத்து நல்லாத்தாம்மா இருந்துச்சு. நான்தான் பதில் சொல்லல" என்றேன். நடந்த எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அடுத்த பொங்கலுக்கு நீ லீவு போட்டு வரணும், நீதான் கையெழுத்துப் போடணும்" என்றேன். "படகுல நாங்க ரெண்டு பேரும் போவோம்." உள்ளே டம்ளர் கீழே விழுந்து உருண்டது.

அதெல்லாம் நடந்து பதினான்கு வருஷம் ஆகிறது. ராமேஸ்வரம்வரை நாங்கள் இன்னும் போகவில்லை. போவோம் என்றும் தோன்றவில்லை. ஆனால் ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்தக் கடலில் மூன்று நாள் இருந்துவிட்டு வருகிறோம். அம்மா கரையில் குடையோடு உட்கார்ந்து, நாங்கள் கண்ணுக்கு எட்டும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். இப்போதெல்லாம் சுக்கான் என்னிடம். அவருக்கு அறுபது ஆகப்போகிறது. நான் இன்னும் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறேன். வேறு மாதிரிக் கூப்பிடச் சொல்லி அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

இந்த வருஷம் அங்கே புதிதாக ஒரு பையன் வேலைக்குச் சேர்ந்திருந்தான். எங்கள் படகைத் தண்ணீரில் தள்ளிவிட்டுக்கொண்டே, "உங்க பொண்ணா சார்?" என்று அவரிடம் கேட்டான். சாதாரணமான கேள்வி. இத்தனை வருஷத்துக்குப் பிறகும், அவர் முதலில் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"ஆமாங்க" என்று நான்தான் சொன்னேன்.