பொம்மனஹள்ளியில் ஓர் அமெரிக்க ஜன்னல்

1999 ஜூன் மாதம் பொம்மனஹள்ளியில் வரிசையாக இருந்த மூன்று அறைகளில் நடு அறைக்குக் குடிபோனேன். பகலிலும் விளக்குப் போட்டால்தான் புத்தகம் படிக்க முடியும். வீட்டுக்காரர் கிருஷ்ணகிரிப் பக்கம். அடர்ந்த மீசை, மடித்துக் கட்டிய லுங்கி. எதைப் பேசினாலும் சுவரை விரல் முட்டியால் தட்டுவார். உடனே அடுத்த அறையிலிருந்து "யாரு?" என்று குரல் வரும்.

"ஜன்னல் வெச்சுக் குடுங்க. இல்லன்னா காலி பண்றேன்" என்றேன்.

"அவ்ளோதானே சார்? ஞாயித்துக்கிழமை வெச்சிரலாம்" என்று தட்டினார்.

"யாரு?" என்றது சுவர்.

சொன்னபடியே வைத்தார். ஆனால் அது அடுத்த அறையைப் பார்த்து இருந்தது. அங்கே பல் தேய்த்துக்கொண்டிருந்த கார்மெண்ட்ஸ் தொழிலாளி எனக்கு வணக்கம் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பத்தொன்பதாம் நூற்றாண்டுல நியூயார்க்குக்கு ஃபேக்டரி வேலைக்காக ஜனங்க கப்பல் கப்பலா வந்தாங்க. ரூமுக்கு ஜன்னல் வேணும்னு சட்டம் வந்தப்போ, வீட்டுக்காரங்க இதே மாதிரி பக்கத்து ரூமுக்கு ஜன்னல் வெச்சு ஏமாத்தினாங்க!"

தட்டப் போன கை அப்படியே நின்றது.

"அமெரிக்காவுலயா சார்?"

"ஆமா."

"நான் யாரையும் கேக்கல சார். நானே யோசிச்சு வெச்சேன்" என்றார். கண் கலங்கியிருந்தது.

மறுவாரம் காலியாக இருந்த மூன்றாவது அறைக்காகக் கேட்டில் பலகை தொங்கியது: 'அமெரிக்கன் மாடல் ரூம் வாடகைக்கு.' பார்க்க வந்தவர்களையெல்லாம் என்னிடம் அனுப்பினார். நான் நடந்ததை நடந்தபடியே, வருஷத்தோடு சொன்னேன். ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்தக் கலங்கிய கண்ணைப் பார்த்த பிறகு, நானும் காலி செய்யவில்லை.