மூன்று மஞ்சள் தையல்

கண்ணுகளா, உங்கள் அப்பன் ஆப்பிரிக்காவுக்குப் போனது சேவை செய்யத்தான். ஆனால் திரும்பி வரும்போது பையில் பத்திரமாகக் கொண்டுவந்தது ஒரு பழைய பனியன். அது எதற்கு என்று சின்னவன் கேட்டான். பெரியவளே, நீ கேட்கவில்லை. உனக்குத்தான் இதை முக்கியமாக எழுதுகிறேன்.

அருள்புரத்தில் நான் ஓவர்லாக் தையல்மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த கம்பெனிக்கு ஒரு லாட் டி-ஷர்ட் பனியன் திரும்பி வந்தது. துவைத்ததும் பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வந்துவிட்டதாம். "தைக்கறப்ப துணிய இழுத்துட்டான்" என்று துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர் என்னைக் கைகாட்டினார். அதில் ஒரு பனியனை என் கழுத்தில் மாட்டி, சாப்பாட்டு நேரம் முழுக்க கேட்டில் நிற்க வைத்தார். அன்றைக்கென்று, பெரியவளே, நீ சோறு கொண்டுவந்தாய். தூக்குப்போசியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, என்னைப் பார்க்காதது மாதிரி திரும்பிப் போனாய்.

மறுநாள் வேலையும் போயிற்று. நான் இழுத்துத் தைத்தேனா இல்லையா என்று எனக்கே உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒரு பனியனைப் பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் லாட் மொத்தத்தையும் மூட்டை கட்டி எங்கோ விற்றுவிட்டார்கள். அந்த மனுசனையும் ஒரு நாள் அப்படி நிற்க வைக்காமல் விடுவதில்லை என்று மட்டும் மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

சில வருடம் கழித்து ஒரு சேவைக் குழு, உகாண்டாவில் ஒரு கிராமத்துப் பெண்களுக்குத் தையல் சொல்லித்தர ஆள் தேடியது. சம்பளம் கிடையாது, ஒரு மாதம். போனேன். செம்மண் பாதை, இரண்டு பக்கமும் வாழை. தகரம் போட்ட பள்ளிக்கூடத்தில் ஆறு மிதிமெஷின். முதல் நாள் பெண்கள் எல்லாரும் மண்டி போட்டு எனக்கு வணக்கம் சொன்னார்கள். அது அவர்கள் வழக்கமாம். எனக்குக் கூச்சத்தில், "அய்யோ, எந்திரிங்க சாமி" என்று நம் பேச்சே வாயில் வந்துவிட்டது.

இரண்டாவது வாரம், ஒரு நடுவயதுப் பெண் பச்சைப் பனியன் போட்டு வந்தாள். பக்கத் தையல் தொப்புள் பக்கம் வந்திருந்தது. என் கண் அங்கேயே நின்றுவிட்டது. மற்ற பெண்கள் கெக்கலித்துச் சிரித்தார்கள். அவள் ஏதோ சொல்ல, பள்ளிக்கூட வாத்தியார் ஆங்கிலத்தில் எனக்குச் சொன்னார்: "தையல் மாஸ்டருக்கு என் இடுப்பு வேணுமா, சட்டை வேணுமான்னு கேக்கறாங்க."

"சட்டைதான்" என்றேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

உள்பக்கத்தைப் பார்க்கணும் என்று சைகை செய்தேன், அவளே கீழ் மடிப்பைப் புரட்டிக் காட்டினாள். உள்ளே மஞ்சள் நூலில் மூன்று தையல். வெட்டிய துணிக்கட்டுகளில் ஒட்டும் நம்பர் ஸ்டிக்கர் உதிர்ந்துவிடும் என்று, என் உருப்படி தெரிய நான் போட்டுவைக்கும் அடையாளம் அது. கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும். மூட்டை கட்டி விற்ற அந்த லாட் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

"இந்தச் சட்டை எப்பவும் பின்னால யாரோ வர்ற மாதிரி திரும்பிப் பாக்குது" என்றாள் அவள். அவளுக்குப் புதிதாக ஒரு ரவிக்கை தைத்துக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டேன். அன்று சாயங்காலம் பக்கத் தையலைப் பிரித்து மேசையில் விரித்தேன். துணியின் கண்ணி வரிசையே சாய்ந்து ஓடியது. ரோலில் இழுபட்டிருந்த துணியைப் பிரித்து, பழைய நிலைக்கு வர ஒரு நாள் ஆற விடாமல் அவசரத்தில் வெட்டியிருக்கிறார்கள். என் தையல் நேர்தான்.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள் அந்த மாஸ்டரைத் தேடிப் போனேன். இப்போது சொந்தமாகச் சின்ன யூனிட் வைத்திருக்கிறார்.

"வாங்க தம்பி, வாங்க! ஆப்பிரிக்கா போயிட்டு வந்தீங்களாமா? டீ சொல்லட்டுங்களா?"

"சொல்லுங்கண்ணா. அதுக்கு முன்ன ஒரு சந்தேகமுங்க" என்று பிரித்த முன்பக்கத் துண்டை மட்டும் நீட்டினேன்.

வெட்டுகிறவர் கை சும்மா இருக்காது. மேசையில் விரித்தார், உள்ளங்கையால் நீவினார், கண்ணி மேல் நகத்தை ஓட்டினார். "எந்த மடையனுங்க இத வெட்டுனது? துணிய ஆற விடாம கத்தியப் போட்டிருக்கான். கண்ணி எப்படிச் சாஞ்சு ஓடுது பாருங்க. தைக்கறவன் தலையால தண்ணி குடிச்சாலும் நேரா வராது."

மெஷின்காரர்கள் பத்துப் பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கீழ் மடிப்பைப் புரட்டினேன். மஞ்சள் நூலைப் பார்த்ததும் அவர் நகம் அப்படியே நின்றது.

"நான் தெச்சதுங்கண்ணா. நீங்க வெட்டுனதுங்க."

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். அந்தத் துண்டை அவர் தோளில் போட்டேன். "டீ முடியற வரைக்கும் இருக்கட்டுங்க." அவர் எடுத்துப் போடவில்லை, தலையும் நிமிரவில்லை. நான் டீயை அவசரப்படாமல், ஆற்றி ஆற்றி, அடி வரைக்கும் குடித்தேன். அத்தனை ருசியான டீ அதற்கு முன் நான் குடித்ததில்லை.

வயசான மனுசனை இப்படிச் செய்திருக்க வேண்டாம் என்கிறாள் உங்கள் அம்மா. இருக்கட்டும். பெரியவளே, அந்தத் துண்டைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன், பீரோவில் மேல்தட்டில் இருக்கிறது. ஒருமுறை எடுத்து, நீயே நகத்தை ஓட்டிப் பார்.