ஆயில் சீலும் ஆள்காட்டி விரலும்

எல்லோரும் அவரை 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். படித்தது ஏழாம் வகுப்பு. ஆனால் எந்தப் பழைய காரானாலும் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தே நோயைச் சொல்லிவிடுவார். அந்தப் பேர் அவருக்குக் கொஞ்சம் தலைக்கும் ஏறியிருந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

கணக்கு வாத்தியாரின் ஐம்பது வருஷத்துக் கார் மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்தது. பின்சக்கரத்து அச்சில் ஆயில் கசியாமல் அடைக்கிற ரப்பர் வளையமான சீல் ஒழுகி, ஆயில் பிரேக் வரைக்கும் இறங்கியிருந்தது.

"பிரேக் போட்டா வண்டி ஒரு பக்கமா இழுக்குது டாக்டர். சீல் மட்டமான சரக்கு போல."

"ஆமா சார், இப்பல்லாம் எது ஒழுங்கா வருது."

வாய் கூசாமல் சொன்னார். எனக்கு அவர்மேல் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

சர்க்கரை வியாதியில் எட்டு மாதமாக அவர் விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. யாரிடமும் மூச்சு விடவில்லை. சீலை அடித்து இறக்கியதும் அதன் உள்விளிம்பில் ஆள்காட்டி விரலைச் சுற்றிவர ஓட்ட வேண்டும். அடிக்கிற அடியில், பின்புறம் அதை இறுக்கிப் பிடிக்கும் மெல்லிய கம்பி ஸ்பிரிங் கழன்றிருந்தால் ஆயில் ஒழுகும்; அது கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தட்டும். அவரும் ஓட்டிப் பார்த்தார். ஒன்றும் தட்டவில்லை. தட்டாவிட்டால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொண்டார்.

இந்த முறை புது சீலை இறக்கிவிட்டு மனைவியைக் கூப்பிட்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"உள்ள விரல விட்டு சுத்திப் பாரு. எங்கயாவது தட்டுதா?"

பாதிச் சுற்றிலேயே அவள் விரல் நின்றுவிட்டது.

"இங்க கம்பி ஒண்ணு துருத்திக்கிட்டு இருக்குங்க. குத்துது."

"நல்லாப் பாரு."

"குத்துதுன்னா குத்துதுதான். உங்களுக்குத் தெரியலையா?"

அவர் தன் மரத்த விரல் நுனியைப் பார்த்துக்கொண்டார். அவளுக்குப் புரிந்துவிட்டது. திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"இந்த மாதிரி வேற யாரு வண்டிக்கு மாட்டினீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அதை அவர் யோசித்ததே இல்லை. தன் பேர் கெட்டுவிடுமே என்கிற ஒரே கவலையில் இத்தனை நாளை ஓட்டிவிட்டார். இப்போது வரிசையாக ஞாபகம் வந்தது. போன வாரம் பள்ளிக்கூட வேன். பின்சக்கரம் இரண்டுக்கும் மாட்டியிருந்தார். மணி நாலேகால், பள்ளிக்கூடம் விட்டிருக்கும்.

போனில் வேன் டிரைவரின் எண்ணை அழுத்தினார்; மரத்த விரலில் எண் மாறி மாறி விழுந்தது. மனைவிதான் வாங்கி அழுத்தினாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினாள்.

"எடுக்க மாட்டேங்குறாரே."

"எடுக்க மாட்டான்," என்றார். "வண்டி ஓட்டும்போது போனத் தொடவே மாட்டான். ரொம்பப் பொறுப்பான ஆளு."