மேலே மட்டும் தாவலாம்

சனிக்கிழமை மதியம், பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு மாடி அறை. என் மெட்டு எத்தனை படி தாவியது என்று ஒரு பெண் பென்சில் முனையால் எண்ணுகிறாள். முப்பது ஆண்டுகள் பிறர் வாக்கியங்களைத் திருத்தியவனுக்கு இது புதிது. பெயர் ஸ்டெல்லா, வார நாட்களில் மென்பொருள் சோதிப்பவள், சனிக்கிழமைகளில் எங்கள் பாடகர் குழுவுக்கு கவுன்ட்டர்பாயின்ட் கற்றுத் தருபவள். ஒரு மெட்டின் மேல் இன்னொரு மெட்டை எழுதும் முறை அது. விதிகள் ஐந்நூறு ஆண்டுப் பழைய ஐரோப்பியத் தேவாலயங்களுடையவை. சுரங்களும் ச-ரி-க அல்ல, டோ-ரே-மி. பிழையில்லாத வரியை மட்டும் ஞாயிறன்று குழு பாடும். என் வரி இரண்டு வாரமாகத் திரும்பி வருகிறது.

"அங்கிள், மி-லேர்ந்து மேல் டோ-வுக்குத் தாவினீங்க, ஓகே. அப்புறமும் மேலயே போறீங்க. தாவினா உடனே ஒரு படி கீழ வரணும்."

"அப்படியே மி-க்குத் திரும்பத் தாவிடட்டுமா?"

"ஐயோ, கூடவே கூடாது. இந்தத் தாவல் மேல மட்டும்தான். கீழ நடந்துதான் வரணும்."

ஏன் என்று கேட்டேன், செய்தியறைப் பழக்கம். "பாடிப் பாருங்க" என்றாள். பாடினேன். குழுவே சிரித்தது.

"தாவச் சொன்னா சறுக்கிட்டுப் போறீங்களே அங்கிள்!" என்றாள் ஸ்டெல்லா.

மதுரையில் எங்கள் நாளிதழ் அலுவலகத்துக்கு எதிரே கல்யாண மண்டபம். நாகசுரம் கேட்டபடிதான் தலைப்பு எழுதுவேன். அங்கே ஒரு சுரம் இன்னொன்றுக்குத் தாவியதாக நினைவில்லை. இடையில் உள்ளதையெல்லாம் தொட்டு, வளைந்து போய்ச் சேரும். இங்கே எதையும் தொடாமல் போக வேண்டும். இந்த ஊருக்கு நானும் அப்படித்தான் வந்தேன். வெள்ளியன்று ஓய்வு பெற்றேன். திங்களன்று மகள் வேலை பார்க்கும் பெங்களூரில் இறங்கிவிட்டேன்.

ஈஜிபுரா வீட்டில் வாரம் முழுக்க மி, டோ; மி, டோ. கன்னடக்காரரான வீட்டுக்கார அம்மா கதவைத் தட்டினார்.

"ஏன் சார், தொண்டை கட்டிக்கிச்சா? ஸ்வல்ப பிசி நீரு தரட்டா?"

விளக்க முயன்று தோற்று, அவர் தந்த வெந்நீரைக் குடித்தேன். ஏன் மேலே மட்டும் என்பதற்கு அன்றுதான் விடை கிடைத்தது. மேலே தாவினால் குரல் போய் நிற்கிறது. அதே தூரம் கீழே குதித்தால் குறி தவறி வேறெங்கோ விழுகிறது.

அடுத்த சனிக்கிழமை, டோ-வுக்குத் தாவி, ஒரு படி இறங்கி, பிறகு நடந்தே ஏறி முடித்திருந்தேன். ஸ்டெல்லாவின் பென்சில் கடைசிச் சுரத்தில் நின்றது.

"கீழ் ரே-ல ஆரம்பிச்சு மேல் ரே-ல முடிக்கிறீங்க."

"தப்பா?"

"இல்ல அங்கிள். கீழ பாடுறவங்க வீடு வந்து சேர்ந்தா போதும். பாடலாம்."

ஞாயிறன்று பாடினோம். கீழ்க்குரல்கள் தொடங்கிய ரே-க்கே வந்து சேர்ந்தன. அதே ரே-தான் என் வாயிலும், ஆனால் மேலே. கேட்பவர்களுக்கு ஒரே சுரம். மூச்சு தீரும்வரை நான் அங்கேயே நின்றேன்.