சாய்வதற்கென்று சுற்றிய சுருள்

என் மைத்துனர் அவிநாசி சாலையில் பனியன்களுக்கு ஃப்ளாக் பிரிண்டிங் செய்கிறார். பசை தடவிய எழுத்தின் மேல் நூல்தூளைத் தூவி உயர் மின்னழுத்தம் கொடுத்தால், தூள் செங்குத்தாக எழுந்து வெல்வெட்போல ஒட்டிக்கொள்ளும். மின்னழுத்தம் தரும் பெட்டிக்குள் இருக்கும் கம்பிச்சுருள் எரிந்துவிட்டது. சனிக்கிழமை நான்கு மணி கூரியரில் சாம்பிள் போகாவிட்டால் ஆர்டர் வேறு யூனிட்டுக்குப் போய்விடும்.

"பழைய ரேடியோவெல்லாம் பிரிச்சு மாட்டறீங்களே மாமா, இதையும் சுத்திக் குடுங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை அவருடைய யூனிட்டிலேயே சுற்றினேன். ஃபெரைட் என்ற காந்தப்பொருள் தண்டில் உள்சுருள், காப்புத்தாள், மேலே வெளிச்சுருள், அதை இறுக்கிய நாடா. இரண்டு சுருள்களுக்கும் காந்தப் பிணைப்பு எவ்வளவு என்று அறிய, வெளிச்சுருளின் முனைகளைத் திறந்து வைத்து உள்சுருளின் மின்தூண்டலை மீட்டரில் அளக்க வேண்டும்; பிறகு முனைகளை ஒன்றுசேர்த்து அளக்க வேண்டும். இரண்டாவது எண் சிறுத்தால் பிணைப்பு நல்லது. முதலில் நாற்பது, பிறகு எட்டு. முழுப் பிணைப்பு ஒன்று என்றால், சூத்திரப்படி இது ஏறக்குறைய 0.9. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் மதியம் போனால் நாடாவைக் காணோம்.

"ஏனுங்க சார், அத்தனை இறுக்கிச் சுத்துனா அப்புறம் சுருங்கிப் போகாதுங்களா? அவுத்துவுட்டு ரிலாக்ஸ் பண்ணி வெச்சிருக்கறனுங்க" என்றார் அங்கே துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர்.

பனியன் துணியை வெட்டுமுன் ஒரு நாள் தளரவிடுவார்கள். இல்லையென்றால் துவைத்ததும் சுருங்கும். தாமிரக் கம்பிக்கும் அதே மரியாதையைச் செய்திருந்தார். வெளிச்சுருள் தண்டின் ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. அளந்தேன். எட்டு இருபதாகியிருந்தது, பிணைப்பு 0.7. பிணைப்பு குறைந்தால் மின்னழுத்தமும் குறையும். மறுபடி சுற்ற நேரமில்லை. அப்படியே மாட்டினோம். தூள் எழுந்தது, நிற்கவில்லை. நனைந்த பூனையின் முதுகுபோல ஒரு பக்கம் படிந்தது.

"போச்சுங்க மாமா" என்றார் மைத்துனர். ஆனாலும் அனுப்பினார்.

அடுத்த வாரம் சாம்பிளுக்கு ஒப்புதல் வந்தது. அந்தத் தேய்ந்த தோற்றம் வாடிக்கையாளருக்குப் பிடித்திருந்ததாம். குற்ற உணர்ச்சியில் நான் அதற்குள் புதிதாக ஒன்று சுற்றிக் கொடுத்திருந்தேன், 0.9. எழுத்துகள் நிமிர்ந்து நின்றன. வாடிக்கையாளர் தரப்பில் சோதிக்க வந்தவர் முதல் ஐம்பது உருப்படிகளையும் ஒதுக்கினார். "அப்ரூவ்டு சாம்பிள் இப்படி இல்லீங்களே. நாளைக்கும் இப்படியே இருந்தா ஆர்டர் கேன்சலுங்க."

"கொஞ்சம் கெடுத்துக் குடுங்க மாமா" என்றார் மைத்துனர்.

அளவாகக் கெடுப்பது சுலபமில்லை. வெளிச்சுருளை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்தினேன், அளந்தேன், மறுபடி நகர்த்தினேன். பதினான்கு, பதினேழு, இருபத்திரண்டு, திரும்ப இருபது. அங்கேயே பசை ஊற்றி உறையவைத்தேன். மறுநாள் சோதனையில் ஒன்றுகூட ஒதுக்கப்படவில்லை. மைத்துனர் போனில் அழைத்தார்.

"இப்பத்தானுங்க மாமா கரெக்டா சாஞ்சிருக்குது."